கப்பல் மாமாவின் ஸ்பானிஷ் வகுப்பு

குண்டைத் தூக்கிப் போட வருகிறவர்கள் பொதுவாக உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போடுவார்கள். பல் டாக்டரம்மாவுக்கு அதற்குக்கூட நேரமில்லை. வாசற்படியில் நின்றபடியே போட்டாள்.

"மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசத்துலேருந்து ரெண்டு பேரையும் பெரிய ஸ்கூலுக்கு மாத்திடலாம்னு இருக்கோம்."

ரெண்டு பேர் என்பது அவளுடைய இரட்டைப் பெண்கள். மிஸ் என்பது கப்பல்காரரின் மனைவி. வாடகை வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளில் அவள் மழலையர் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். முழங்கால் உயர நாற்காலிகள், சுவர் முழுக்க மிருகப் படங்கள், எப்போதும் கிரேயானும் பாலும் கலந்த ஒரு வாசனை. மொத்தமே எட்டுப் பிள்ளைகள். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் போனால் மற்ற அம்மாக்களும் "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்க்கிறவர்கள் திரும்பி வருவதில்லை. எட்டுப் பிள்ளைகளும் எட்டாத பிள்ளைகள் ஆகிவிடுவார்கள்.

"இங்க என்ன குறை டாக்டர்?" என்றாள் மிஸ்.

"குறையே இல்ல. ஆனா அங்க மூணு வயசுலேருந்தே ஸ்பானிஷ் சொல்லித்தராங்களாம். இந்தக் காலத்துல ஒரு வெளிநாட்டு பாஷைகூட இல்லாம எப்படி மிஸ்?"

உள்ளே, பேப்பருக்குப் பின்னால் கப்பல்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாக ஏறினார். பிறகு இறங்கினார். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை அவர் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார். எப்படிச் சொன்னாலும் அதில் ஒரு புயல் வரும், ஒரு சுறா வரும், கடைசியில் கேப்டன் அவரைக் கட்டிப்பிடித்து ஸ்பானிஷில் அழுவார். "ஸ்பானிஷா? அது எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சலூனில் சொல்லியிருக்கிறார், பஸ் ஸ்டாப்பில் சொல்லியிருக்கிறார், துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ரிட்டயராகும்வரை அவர் செய்ததெல்லாம் துறைமுக ஆபீசில் பார்சல்களுக்கு லேபிள் ஒட்டுவது. லேபிள்காரர் என்று யாரும் கூப்பிடவில்லை. தெரு முழுக்க அவர் கப்பல்காரர். பிள்ளைகளுக்குக் கப்பல் மாமா.

வாசலில் மனைவியின் குரல் நிதானமாகக் கேட்டது.

"ஸ்பானிஷ்தானே டாக்டர்? நாங்களும் திங்கக்கிழமை ஆரம்பிக்கிறோம். எங்க வீட்டுக்காரர்தான் பாடம் எடுக்கறாரு."

குடித்த காபி கப்பல்காரரின் மூக்கு வழியாக வந்தது.

டாக்டரம்மா போனதும் அவர் சமையலறைக்கு ஓடினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்ன சொல்லிட்டு வந்தே நீ?"

"உள்ளதைத்தான் சொன்னேன். ஏன், உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதா?"

"தெரியாதுன்னு யார் சொன்னா?"

"அப்ப தெரியும்."

"தெரியும்... ஆனா என்னோடது கொஞ்சம் பெரிய ஸ்பானிஷ். கடல் ஸ்பானிஷ். குழந்தைங்களுக்குத் தாங்காது."

"புயலையும் சுறாவையும் எடுத்துட்டுச் சொல்லிக்குடுங்க."

"பழசாகிப் போச்சும்மா. துரு பிடிச்சிருக்கும்."

"இன்னும் நாலு நாள் இருக்கே, தேய்ச்சு வைங்க" என்று சொல்லி, தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அவள் கவிழ்த்து வைத்தாள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதர், "எனக்கு ஸ்பானிஷ் தெரியாது" என்று மூன்று வார்த்தையில் முடித்திருப்பார். கப்பல்காரருக்கு அந்த மூன்று வார்த்தை தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது. போனில் ஒரு ஸ்பானிஷ் பாட வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதில் ஒரு வாலிபன் வாயில் வெந்நீர் ஊற்றிய மாதிரி படபடவென்று பேசினான். இரண்டாவது நிமிஷம் கப்பல்காரர் குறட்டை விட்டார்.

விழித்தபோது மூளை தெளிவாக இருந்தது. எதற்காக இந்தப் பாடு? நாலு வயசுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியே பாதிதான் வருகிறது. அதுகளின் ஸ்பானிஷைச் சரிபார்க்க ஸ்பெயினிலிருந்து ஆள் வரப்போகிறதா? அவர் காதில் இதுவரை விழுந்த ஸ்பானிஷ் எல்லாம் ஓ என்றோ ஆ என்றோதான் முடிந்திருக்கிறது. அப்படியானால் வாலில் ஒரு ஓ, ஒரு ஆ. அவ்வளவுதானே பாஷை!

திங்கட்கிழமை காலை சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி, வகுப்புக்குள் நுழைந்தார். உட்கார இடம் தேடினார். இருந்ததெல்லாம் குட்டி நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன.

"எல்லாரும் நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லணும். பூனைக்கு ஸ்பானிஷ்ல பூனையோ!"

"பூனையோ!"

"நாய்க்கு நாயோ!"

"நாயோ!"

"கதவோ! காதோ! மேசைக்கு மேசா!"

பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தினார்கள். கப்பல்காரர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது என்ற மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து நெகிழ்ந்துபோனார்.

மறுநாளே ஆபத்து வந்தது. சுருட்டை என்று ஒரு பெண். தலைமுடி சுருள் சுருளாக இருக்கும், கண் துருதுருவென்று இருக்கும். அவள் எழுந்து நின்றாள்.

"மாமா, இன்னிக்கு நான் சொல்லித்தரேன். ஜன்னலோ! பென்சிலோ! மூக்கோ! மாமா, ஸ்பானிஷ் ரொம்ப ஈசி. எனக்கு எல்லாமே வந்துடுச்சு!"

கப்பல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மொழியை உண்டாக்கி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் ஒரு சுண்டைக்காய் அதைக் கரைத்துக் குடித்துவிட்டது! இப்படியே போனால் சாயங்காலம் வீட்டில் போய், "அம்மா, எல்லாத்துக்கும் ஓ போட்டா போதும்மா" என்று சொல்லிவிடும்.

அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பைச் சீக்கிரம் முடித்தார். பிறகு யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வார்த்தையைத் தலைகீழாக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஓ.

குதிரை. திருப்பினால் ரைதிகு. ஓ சேர்த்தால் ரைதிகோ! சொல்லிப் பார்த்தபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. குருவிக்கு விருகோ. கரடிக்கு டிரகோ. அசல் ஸ்பானிஷ்காரன் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிப்பான்.

"நேத்து படிச்சது குட்டி ஸ்பானிஷ். இன்னிக்குப் பெரிய ஸ்பானிஷ்" என்று ஆரம்பித்தார். "நரிக்கு ரிநோ!"

இரட்டையரில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "மாமா, ரினோன்னா காண்டாமிருகம். எங்க வீட்டு புக்ல படம் இருக்கு."

"அது இங்க. ஸ்பெயின்ல நரி கொஞ்சம் பெருசா இருக்கும்."

"எவ்ளோ பெருசு?"

"மூக்குல கொம்பு இருக்கற அளவுக்குப் பெருசு. அடுத்தது!"

சுருட்டை விடவில்லை. "மாமாவுக்கு ஸ்பானிஷ்ல என்ன மாமா?"

கப்பல்காரர் மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். மாமா. இன்னொரு முறை திருப்பினார். மறுபடியும் மாமா.

"மாமாதான்."

"அதே மாதிரியேவா?"

"எந்த பாஷைக்குப் போனாலும் மாமா மாமாதான்மா."

இப்படித் தினமும் அரை மணி நேரமாக நாலு மாசம் நடந்தது. வகுப்பு முடிந்ததும் அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். வாத்தியார் வேலை பார்த்தவருக்குக் காற்று வேண்டாமா? பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பது, பாட்டுப் பாடுவது எல்லாம் மனைவியின் பொறுப்பு. அவர் திரும்பி வரும்போது அவள், "பிள்ளைங்க நல்லாக் கத்துக்கறாங்கங்க" என்பாள். "வாத்தியார் அப்படி" என்பார் இவர். டாக்டரம்மாவும் பிள்ளைகளை மாற்றுகிற பேச்சைத் தள்ளிப் போட்டிருந்தாள்.

ஒரு நாள் தெருமுனையில் தச்சர் கடையில் ஒரே கூச்சல். கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு வெளிநாட்டு அம்மா, ஒரு கை விரலில் தொங்கும் ஒரு சின்னப் பெண்ணோடு நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு கையால் காற்றில் சதுரம் சதுரமாக வரைந்தாள். தச்சர் ஜன்னல் சட்டத்தைக் காட்டினார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். போட்டோ சட்டத்தைக் காட்டினார். அதற்கும் ஆட்டினாள்.

"மேசா!" என்றாள் அவள். "மேசா!"

"பேசாதே பேசாதேன்னா எப்படிம்மா?" என்று தச்சர் பரிதாபமாகச் சொன்னார். "நான் இன்னும் பேசவே இல்லியே!"

கப்பல்காரர் தெருவில் அப்படியே கல்லாய்ச் சமைந்து நின்றார். மேசாவா? அது அவருடைய சொந்தச் சரக்கு ஆயிற்றே! முதல் நாள், முழங்கால் காதில் இடிக்க, அவரே பெற்றுப் போட்ட வார்த்தை. அது எப்படி ஒரு வெளிநாட்டுக்காரியின் வாயில் போய் உட்கார்ந்தது?

"ஏம்ப்பா, அவங்க கேக்கறது மேசைப்பா!" என்று அவர் வாய் தானாகச் சொல்லிற்று.

தச்சர் ஓடிப் போய் ஒரு மேசையைத் தட்டிக் காட்டினார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. கப்பல்காரர் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்.

"சீ! சீ!"

கப்பல்காரர் முகம் சுருங்கிவிட்டது. உதவி செய்தவனைப் பார்த்துச் சீயா?

"என்ன சார், நல்லது பண்ண உங்களைப் போய்ச் சீங்கறாங்க?" என்றார் தச்சர்.

"அவங்க ஊர்ல அது மரியாதை" என்று சொல்லிச் சமாளித்தார் அவர். ஸ்பானிஷில் சீ என்றால் ஆமாம் என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியாது. தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

தச்சருக்கு வாய் பிளந்துவிட்டது. "சார், நிஜமாவே உங்களுக்கு இந்த பாஷை தெரியுது! நான்கூட இத்தனை நாளா நீங்க கதை விடறீங்கன்னு நினைச்சேன்." அத்தோடு நிற்காமல் அந்த அம்மாவிடம் திரும்பி, கப்பல்காரரையும் அவர் வீட்டையும் மாற்றி மாற்றிக் கை காட்டி, காற்றில் எழுதிக் காட்டி, "ஸ்கூலு! ஸ்பானிஷ்! வாத்தியாரு!" என்று கத்தினார்.

கப்பல்காரர் நெஞ்சு விரிந்தது. ஒருவேளை அந்தக் கடல் காற்றிலேயே பாஷை கலந்திருந்து, நமக்குத் தெரியாமல் ரத்தத்தில் ஊறியிருக்குமோ? அப்படியானால் ரைதிகோவும் சரியாக இருக்குமோ? விருகோவும்?

அந்தச் சமயம் பார்த்துக் கடை வாசலில் படுத்திருந்த தச்சரின் நாய் வாலை ஆட்டிற்று. சின்னப் பெண் அதைக் காட்டித் துள்ளினாள்.

"பெர்ரோ! பெர்ரோ!"

விரிந்த நெஞ்சு இருந்த இடம் தெரியாமல் சுருங்கிற்று. அவர் அதற்கு நாயோ என்று சொல்லிக்கொடுத்திருந்தார். பிறகு பெரிய ஸ்பானிஷில் ய்நாவோ என்று திருத்தியும் இருந்தார்.

தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்து மூச்சு விடுவதற்குள் மனைவி வந்து நின்றாள்.

"கடைசி வீட்டு ஸ்பானிஷ்காரம்மா வந்துட்டுப் போனாங்க. உங்களைத் தச்சர் கடையில பார்த்தாங்களாம்."

"அதுக்குள்ளயா? நீ அவங்ககிட்ட எப்படிப் பேசினே?"

"எல்லாம் ஜாடையிலதான். அவங்க பெண்ணை நம்ம ஸ்கூல்ல சேர்க்கப் போறாங்களாம். வெள்ளிக்கிழமை வந்து உங்க வகுப்பைப் பார்க்கறாங்க."

"என் வகுப்பையா?"

"ஆமா. நல்ல சந்தர்ப்பமாச்சேன்னு எல்லாப் பிள்ளைங்களோட அம்மா அப்பாவையும் வரச் சொல்லிட்டேன். டாக்டரம்மாவும் வராங்க. ஸ்பானிஷ்காரங்களே கேட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் யாராவது ஸ்கூலை மாத்துவாங்களா?"

கப்பல்காரருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஸ்பெயினிலிருந்து ஆள் வரப்போகிறதா என்று கேட்டவர் அவர்தான். வந்தே விட்டது. அதுவும் அவரே மேசை போட்டு வரவேற்ற மாதிரி.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவருக்குக் குரல் போயிருந்தது. வியாழக்கிழமை முழுக்க யோசித்துப் போகவிட்ட குரல். படுக்கையில் உட்கார்ந்து தொண்டையைக் காட்டி, கையை விரித்து, கண்ணில் தண்ணீர் தளும்ப நடித்தார்.

"ஐயோ பாவம்" என்றாள் மனைவி. உப்புத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து கொப்பளிக்க வைத்தாள். கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றினாள். "பரவாயில்லைங்க. நீங்க பேசவே வேண்டாம். சும்மா உட்கார்ந்திருங்க. பிள்ளைங்க பேசட்டும்."

பிள்ளைகள் பேசட்டுமா? அதுதானே பயமே! அவர் எழுந்து பின்கதவுப் பக்கம் நடந்தார். அங்கே பல் டாக்டரம்மா இரட்டையரோடு வந்துகொண்டிருந்தாள்.

"என்ன சார், குரல் போச்சாமே? ஆ காட்டுங்க."

அவர் மறுத்துத் தலையாட்டினார். பிள்ளைகளின் பல்லைப் பார்த்துப் பழகியவள் அவள். தாடையைப் பிடித்து அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தினாள். வாய் தானாகத் திறந்தது. பையிலிருந்த டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

"தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கே! பின்னாடி ஒரு பல்லுதான் ஆடுது."

பல் மட்டுமா? அவருக்கு முழு உடம்பும் ஆடிற்று.

அவரைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் குட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுவரோரமாக அம்மாக்களும் அப்பாக்களும் நின்றார்கள். ஸ்பானிஷ்காரம்மா தன் பெண்ணோடு உள்ளே வந்தாள். கப்பல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஓலா!" என்று வணக்கம் சொன்னாள் அவள்.

"ஓலா, செஞோரா!" என்று எட்டுக் குரலும் ஒன்றாகச் சொல்லின.

கப்பல்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். இதை யார் சொல்லிக்கொடுத்தது?

அவள் பூனைப் படத்தைக் காட்டினாள்.

"கத்தோ!" என்றார்கள் பிள்ளைகள்.

கத்த வேண்டியது நான்தானே என்று அவர் நினைத்தார். அவள் நாயைக் காட்டினாள். "பெர்ரோ!" மேசையைத் தட்டினாள். "மேசா!" அது ஒன்றுதான் அவருடையது. அடுத்ததாகக் குதிரைப் படத்துக்குப் போனாள். போச்சு. ரைதிகோ வரப்போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"கபாயோ!"

அவர் காதில் அபாயம் என்றுதான் விழுந்தது. ஆனால் ஸ்பானிஷ்காரம்மா கை தட்டினாள். பிள்ளைகள் எழுந்து நின்று விரல் விட்டு எண்ணினார்கள், கண்ணையும் மூக்கையும் தொட்டுத் தொட்டுப் பேர் சொன்னார்கள், கடைசியில் ஒரு பாட்டே பாடினார்கள். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. புதிதாக வந்த பெண் அம்மாவின் கையை உதறிவிட்டுப் போய் அவர்களோடு சேர்ந்து பாடினாள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்ட அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். அவருடைய மனைவி நடந்து வந்தாள். ஸ்பானிஷ்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், ஸ்பானிஷ் கொட்டிற்று! நடுநடுவே நின்று யோசித்தாலும் கொட்டிற்று. அந்த அம்மா பதில் சொன்னாள். இவள் சிரித்தாள். அவள் இவள் தோளைத் தட்டினாள்.

"ஏய்! நீ எப்படீ...?" என்று கப்பல்காரர் அலறிவிட்டார்.

"பாருங்க, குரல் வந்துடுச்சு!" என்றாள் டாக்டரம்மா.

சத்தம் கேட்டு ஸ்பானிஷ்காரம்மா திரும்பினாள். அவரைப் பார்த்து அன்பாக ஏதோ கேட்டாள். எல்லாக் கண்களும் அவர்மேல். அவர் அவசரமாகக் கம்பளித் துணியைத் தொட்டுக் காட்டினார். அதற்குள் பக்கத்தில் இருந்த சுருட்டை அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, அந்த அம்மாவிடம் ஸ்பானிஷில் தட்டுத் தடுமாறி ஒரு பதில் சொன்னாள். ஸ்பானிஷ்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மனைவி மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். "'மாமாவுக்கு இன்னும் பேச்சு வரல. ஆனா நல்ல பிள்ளை. பாலைச் சிந்தாம குடிப்பாரு'ங்கறா."

அன்று யாரும் பள்ளியை மாற்றவில்லை. டாக்டரம்மா இரட்டையரின் பேரை இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள். வந்திருந்த ஒரு அப்பா தன் தம்பி பிள்ளைக்கும் இடம் இருக்குமா என்று கேட்டார். எல்லாரும் போன பிறகு கப்பல்காரர் கழுத்துத் துணியை அவிழ்க்கக்கூட மறந்து சமையலறை வாசலில் நின்றார்.

"எப்ப கத்துக்கிட்டே?"

"நீங்க பாடம் எடுத்தப்ப. கதவைச் சாத்திட்டு போன்ல ஒரு டீச்சர்கிட்ட. அப்புறம் பால் குடிச்சு முடிச்சதும் அதையே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

"அப்ப நான் எதுக்கு?"

"நல்லாக் கேட்டீங்க! எட்டுப் பேரையும் அரை மணி நேரம் அசையாம பிடிச்சு வெச்சுக்க ஆள் வேண்டாமா? உங்களைத் தவிர யாருக்கு அது வரும்? வெச்ச கண்ணு வாங்காம கேக்கறாங்களே."

அவருக்கு அது பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை.

"நான் சொல்லிக்குடுத்ததெல்லாம்?"

"அதுக்குக் கப்பல் பாஷைன்னு பேரு வெச்சிருக்காங்க. விளையாடறப்ப அதைத்தான் பேசிக்கறாங்க. ரெண்டையும் குழப்பிக்கறதே இல்ல."

கப்பல்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கேட்கக் கூடாது என்று நினைத்த கேள்வி வாயில் வந்துவிட்டது.

"எனக்கு ஸ்பானிஷ் தெரியாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே."

"என்னது?"

"உங்க அக்காதான் சொன்னாங்க. கப்பல் கரையை விட்டு நகர்ந்ததுமே நீங்க வாந்தி எடுக்க ஆரம்பிச்சு, அடுத்த துறைமுகத்துலயே இறக்கி விட்டுட்டாங்களாமே. அங்கேருந்து பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்தீங்களாம். பஸ்ஸுலயும் வாந்தியாம்."

இடி விழுந்த மாதிரி நின்றார் மனிதர். புயலும் சுறாவும் கேப்டனும் ஒவ்வொருவராகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் சும்மா கேட்டுட்டு இருந்தே?"

"புயல் வர்ற இடம் நல்லா இருக்கும்ங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் அவர் கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

இரண்டு நாள் அவர் சலூன் பக்கம்கூடப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை எழுந்து நின்று வீட்டுக்கே கேட்கும்படி அறிவித்தார். "நாளையிலேருந்து நானும் கத்துக்கப் போறேன். நிஜ ஸ்பானிஷ்! மூணே மாசம். அப்புறம் இந்த வீட்டுல யாரும் எனக்குப் புரியாம ஒரு வார்த்தை பேச முடியாது!"

"தாராளமா வாங்க. பின்னாடி வரிசையில இடம் இருக்கு" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை அவர் பின்வரிசைக்குப் போகவில்லை. முன்வரிசையில், சுருட்டைக்கும் ஸ்பானிஷ்காரம்மாவின் பெண்ணுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். ஒரே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். புரியாவிட்டாலும் புரியாத மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. அனுபவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மனைவி உள்ளே வந்தாள். தரையில் விரித்திருந்த வண்ண விரிப்பைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஸ்பானிஷில் ஒரு கேள்வி கேட்டாள்.

ஒரு பிள்ளையும் அசையவில்லை. இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுருட்டையே தலையைக் குனிந்துகொண்டாள். அசல் ஸ்பானிஷ் பேசுகிற பெண்கூட வாயைத் திறக்கவில்லை. மனைவி அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள். இதுதான் சமயம் என்று கப்பல்காரருக்குத் தோன்றிற்று. இவர்கள் யாருக்கும் விடை தெரியவில்லை! நெஞ்சை நிமிர்த்தி, தோள் வலிக்கிற அளவுக்குக் கையை உயரத் தூக்கினார்.

அறையே அதிர்ச்சியில் அவரைப் பார்த்தது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முகத்தை நேராக வைத்துக்கொண்டு மெதுவாகக் கை தட்டினாள். பிள்ளைகள் எல்லாரும் படபடவென்று தட்டினார்கள். கப்பல்காரர் எழுந்து நின்று, இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை குனிந்து நன்றி சொன்னார். உட்கார்ந்த பிறகு சுருட்டையின் காதில் கிசுகிசுத்தார்.

"மிஸ் என்ன கேட்டாங்க?"

"விரிப்புல ஒண்ணுக்குப் போனது யாருன்னு கேட்டாங்க மாமா. உண்மையை ஒத்துக்கிட்டவங்களுக்குக் கை தட்டணுமாம்."